மருத்துவரிடம் சொல்லாத மருந்து



காவிரி இரு கிளையாகப் பிரிந்து மீண்டும் ஒன்றாய்க் கூடுமிடத்தில் அமைந்த தீவு ஸ்ரீரங்கப்பட்டணம். மைசூரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவு. காலையில் மைசூருக்கு அலுவலின் பொருட்டுச் சென்று மாலையில் இத்தீவுக்குத் திரும்புவது நமது அன்றாட வழக்கம். நமது தொழில் மத்திய அரசில் மொழிபெயர்ப்பு. மருத்துவம் நாம் கற்ற துறையன்று. எனினும் இன்று மருத்துவத்தைப் பற்றியே பேச முற்பட்டிருக்கிறோம். அதற்குக் காரணம் நம் வீட்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி.

நம் அன்னையாருக்கு வயது 74. சர்க்கரை நோய் உடையவர். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை வேளை தவறாமல் உட்கொள்பவர். சென்ற மார்கழியில் ஒருநாள் விடியற்காலையில், வாசலில் கோலமிடச் சென்றவர் உடல் முழுதும் வியர்த்து, பேச்சுக் குழறி, திண்ணையருகே சாய்ந்துவிட்டார். ஆட்டோவில் ஏற்றி அருகிலிருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு சென்றோம். பணியிலிருந்த மருத்துவ அம்மையார் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்தார். சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தது. உடனே நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார். அரைமணி நேரத்தில் அன்னையார் கண் விழித்து நம் பெயரைச் சொன்னார்.

மருந்தின் அளவு மாறவில்லை, உணவும் குறையவில்லை. அவ்வாறிருக்கச் சர்க்கரை ஏன் இவ்வளவு தாழ்ந்தது? மருத்துவ அம்மையார் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு அமர்ந்தார். "அஜ்ஜி, எங்கள் வீட்டிலும் பாட்டி கஷாயம் வைப்பார்கள், நானும் குடித்து வளர்ந்தவள்தான். நீங்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கன்னடத்தில் மெல்லக் கேட்டார். அன்னையார் நம் முகத்தைப் பார்த்தார், பிறகு சொன்னார். இரண்டு மாதமாக வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடித்து வந்திருக்கிறார். அதனோடு சந்தையில் ஒருவர் விற்ற, பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு சூரணமும் நாள்தோறும் உட்கொண்டிருக்கிறார். வீட்டிலுள்ள நமக்கே இது தெரியாது.

"ஏனம்மா சொல்லவில்லை?" என்று பின்னர் வினவினோம். சில ஆண்டுகளுக்கு முன்பு வேறோர் ஊரில் ஒரு மருத்துவரிடம் கஷாயம் குடிப்பதாக அவர் சொன்னாராம். அம்மருத்துவர், "அப்படியானால் அந்த வைத்தியரிடமே போங்கள், இங்கே எதற்கு வந்தீர்கள்?" என்று பலர் முன்னிலையில் கடிந்துகொண்டாராம். "அன்றோடு டாக்டரிடம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை" என்றார் அன்னையார். கஷாயத்தை நிறுத்தவில்லை, சொல்வதைத்தான் நிறுத்தியிருக்கிறார்.

நேயர்களே, இந்த ஒரு சொல்லே இன்றைய உரைக்கு வித்து. முதன்முதலாக நோயாளி நாடிச் செல்லும் மருத்துவர், பிற சிகிச்சை முறைகளை எவ்வாறு நோக்குகிறார் என்பது அறிஞர் அவைக்கு மட்டும் உரிய வாதமன்று. அந்த நோக்கைப் பொறுத்தே நோயாளி வாய் திறப்பதும் வாய் மூடுவதும் அமைகின்றன. சில வேளைகளில் உயிரே அதனைப் பொறுத்திருக்கிறது.

நாம் மொழிபெயர்ப்பாளராதலின், முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். மேனாட்டார் இச்சிகிச்சைகளுக்கு இரண்டு பெயர் வழங்குகின்றனர். ஒன்றைத் தமிழில் 'மாற்று மருத்துவம்' எனலாம். மற்றொன்றைத் 'துணை மருத்துவம்' எனலாம். வேறுபாடு மருந்தில் இல்லை. அதனைக் கையாளும் முறையில் உள்ளது. மருத்துவரின் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாற்றைக் குடித்தால் அது மாற்று. மாத்திரையோடு சாற்றையும் குடித்தால் அது துணை. மாற்று ஆபத்தானது, துணை ஆபத்தற்றது என்று பலரும் எண்ணுகின்றனர். நம் அன்னையார் நாடியது துணையே. ஆயினும் இரண்டும் சேர்ந்தே அவரை வீழ்த்தின. துணைக்கு வந்தவர் இன்னார் என்பது முதல்வருக்குத் தெரியாமற்போனால், துணையே பகையாகிவிடும்.

இது நம் வீட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்காவில் டேவிட் ஐசன்பர்க் என்ற மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1990-ஆம் ஆண்டின் நிலையை ஆராய்ந்து 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 1,539 பேரைத் தொலைபேசி வாயிலாக வினவினர். அவருள் மூவரில் ஒருவர், அதாவது நூற்றுக்கு 34 பேர், ஓராண்டுக்குள் ஏதேனும் ஒரு பிற சிகிச்சையைக் கையாண்டிருந்தனர். அவ்வாறு கையாண்டவருள் நூற்றுக்கு 72 பேர் அதைத் தம் மருத்துவரிடம் சொல்லவில்லை. மருத்துவ உலகம் திடுக்கிட்டது. மக்கள் பிற முறைகளை நாடுவதைக் காட்டிலும், நாடுவதை மறைப்பதே பெரிதாகக் கவலையளித்தது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் இச்சிகிச்சைகளைப் பற்றிய பாடங்களைச் சேர்க்கத் தலைப்பட்டமைக்கு இவ்வாய்வும் ஒரு தூண்டுதல்.

நம் நாட்டின் நிலை சற்று வேறு. மேனாட்டில் துணை மருத்துவம் என்பது மருத்துவமனைக்கு வெளியே நிற்பது. இந்நாட்டிலோ ஆயுர்வேதமும் சித்தமும் யுனானியும் ஹோமியோபதியும் அரசு ஏற்ற முறைகள். சட்டமும் கல்லூரியும் பட்டமும் உடையவை. மைசூரிலேயே அரசு ஆயுர்வேதக் கல்லூரி 1908-இல் தோன்றியது. மைசூர் மருத்துவக் கல்லூரி 1924-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்று, 1930-இல் மைசூருக்கு வந்தது. இரண்டும் ஒரே நகரில் இன்றும் இயங்குகின்றன.

இரு முறையினரையும் எவ்வாறு இணைப்பது என்ற வினாவும் புதிதன்று. சென்னை அரசு அமைத்த உஸ்மான் குழு 1923-இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் செயலாளராக இருந்தவர் ஸ்ரீநிவாசமூர்த்தி. மேனாட்டு மருத்துவம் பயின்று பட்டம் பெற்றவராயினும், இந்திய மருத்துவத்துக்காக வாதாடியவர் அவர்; சென்னையில் எழுந்த இந்திய மருத்துவப் பள்ளிக்கு முதல்வராகவும் விளங்கினார். 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, ஆரம்ப சுகாதார நிலையம் என்னும் அமைப்புக்கு அடிகோலியது. சுதேச முறைகளைப் பற்றிய முடிவை அது மாகாணங்களிடமே விட்டுவிட்டது. 1948-இல் சோப்ரா குழு இரு முறைகளும் இணைய வேண்டுமென்றது. 2005-இல் தொடங்கிய தேசிய கிராமப்புறச் சுகாதார இயக்கம், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆயுஷ் மருத்துவர்க்கும் இடமளிக்க வழி செய்தது. 2014-இல் அத்துறைக்குத் தனி அமைச்சகமே அமைந்தது.

ஆக, இன்று பல ஊர்களில் ஒரே கூரையின் கீழ் இரு மருத்துவர் அமர்ந்திருக்கின்றனர். ஆயினும் இரு அறைகளுக்கும் இடையேயுள்ள கதவு திறந்திருக்கிறதா?

நாம் சுகாதாரத் துறைப் பிரசுரங்களை மொழிபெயர்க்கும் வாய்ப்பினால் மருத்துவர் பலரோடு உரையாடியிருக்கிறோம். நாம் கண்ட அளவில் அவர்தம் நோக்கு மூவகைப்படும்.

முதல் வகையினர் மறுப்பவர். சோதனையில் தேறாததை மருந்தென்று சொல்லலாகாது என்பது அவர்தம் கட்சி. வேர்களையும் பற்பங்களையும் உண்டு சிறுநீரகம் கெட்டு, காலங்கடந்து வருவோரைக் கண்டு மனம் நொந்தவர் இவர். இவர்தம் கடுமையின் பின்னே பெரும்பாலும் துயரமே இருக்கிறது.

இரண்டாம் வகையினர் பொறுப்பவர். தீங்கு செய்யாதவரையில் எதுவேனும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுபவர். பார்ப்பதற்கு இது பெருந்தன்மை போலத் தோன்றும். ஆனால் தீங்கு செய்கிறதா இல்லையா என்பதை அவர் கேட்பதில்லை. ஒரு நாளில் நூறு நோயாளிகளைப் பார்க்க வேண்டியவருக்குக் கேட்பதற்கு நேரமும் இல்லை.

மூன்றாம் வகையினர் வினவுபவர். அவர் நம்புவதுமில்லை, வெறுப்பதுமில்லை. என்ன உட்கொள்கிறீர்கள், எவ்வளவு, எத்தனை நாளாக என்று கேட்டுக் குறித்துக்கொள்பவர். அன்று நம் அன்னையாரின் அருகே அமர்ந்தவர் இவ்வகையினர்.

அடுத்த அறையிலுள்ள ஆயுஷ் மருத்துவருக்கும் குறைகள் உண்டு. தம் முறைக்குரிய மருந்துகள் உரிய காலத்தில் வந்து சேர்வதில்லை. இரவுப் பணிக்கும் தடுப்பூசிப் பணிக்கும் தம்மை அழைப்பவர், நோயாளியைப் பற்றிக் கலந்து பேச அழைப்பதில்லை என்பர். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹோமியோபதி பயின்ற ஒருவர் ஒரு காய்ச்சல் நோயாளிக்குத் தாம் பயிலாத ஆங்கில மருந்துகளைக் கொடுத்து, நோயாளி இறந்துபட்ட வழக்கில், அது கவனக்குறைவே என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. ஆயுஷ் மருத்துவர் ஒரு குறுகிய பயிற்சியின்பின் ஆங்கில மருந்து எழுதலாம் என்ற யோசனையை எதிர்த்து, 2018 ஜனவரியில் இந்திய மருத்துவச் சங்கத்தினர் பணி நிறுத்தம் செய்தனர். ஆயுர்வேத மேற்பட்டதாரிகள் சில அறுவைச் சிகிச்சைகளைச் செய்யலாமென 2020 நவம்பரில் அறிவிக்கை வெளிவந்தபோது, மறு மாதமே மீண்டும் பணி நிறுத்தம் நிகழ்ந்தது.

இவ்வழக்குகளில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. ஆயினும், அறுவைச் சிகிச்சை பற்றிய அந்தப் பூசலைச் செய்தித்தாளில் படித்தபோது, நாம் வாழும் இத்தீவோடு தொடர்புடைய ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வந்தது.

1792-இல் முடிவுற்ற மூன்றாம் மைசூர்ப் போரில், ஆங்கிலேயர் சேனையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்னும் மராட்டியர், திப்பு சுல்தானின் படையினரிடம் சிறைப்பட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டன. அந்நிலையில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே அவர் பம்பாய்ச் சேனையை வந்தடைந்தார். ஓராண்டுக்கு மேல் மூக்கின்றி வாழ்ந்தார். பின்னர்ப் பூனாவுக்கு அருகில், செங்கல் செய்யும் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதிய மூக்கை அமைத்துக் கொடுத்தார்.

மெழுகினால் மூக்கின் வடிவம் செய்து, அதை நெற்றியில் தட்டையாக விரித்து, அதன் விளிம்பைச் சுற்றிக் கோடிட்டு, அவ்வளவில் நெற்றித் தோலை அறுத்தெடுப்பர். இரு கண்களுக்கிடையே ஒரு சிறு இணைப்பை மட்டும் அறுக்காமல் விடுவர். இரத்த ஓட்டம் நிற்காமல் இருப்பதற்கு அதுவே வழி. தோலைத் திருப்பி மூக்கின் இடத்தில் பொருத்தி, காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணியில் தடவி ஒட்டுவர். சில நாள் கழித்து நெய் தோய்த்த துணியிடுவர். ஏறத்தாழ 25-ஆம் நாளில் அவ்விணைப்பை அறுப்பர்.

பம்பாய் மாகாணத்து ஆங்கிலேய மருத்துவர் இருவர் இச்சிகிச்சையை நேரில் நின்று பார்த்தனர். அச்செய்தி 1794 அக்டோபரில் லண்டனிலிருந்து வெளிவந்த 'ஜென்டில்மேன்ஸ் மாகசீன்' இதழில் படத்துடன் அச்சாயிற்று. லண்டனில் ஜோசப் கார்ப்யூ என்னும் அறுவை மருத்துவர் இம்முறையை ஆராய்ந்தார். உடனே நோயாளி மேல் கை வைக்கவில்லை. பிணங்களின் மீது பலமுறை செய்து பார்த்த பின்னரே, 1814-இல் உயிருள்ள ஒருவருக்குச் செய்து வெற்றி பெற்றார். 1816-இல் நூலாகவும் எழுதினார். இன்றைய ஒட்டறுவை வரலாற்றில் இது ஒரு திருப்பம்.

இவ்வரலாற்றைச் சொல்லிப் பெருமை பாராட்டுவது எளிது. நாம் வேண்டுவது பெருமையன்று. அவர் ஆங்கில மருத்துவர். சிகிச்சை செய்தவரோ எழுத்தறிவுக்குச் சான்றில்லாத ஒரு செங்கல் தொழிலாளி. ஆயினும் அவர் நின்று பார்த்தனர். கண்டதை ஒளிக்காமல் எழுதினர். மற்றொருவர் அதனைக் கண்மூடி ஏற்கவுமில்லை, இகழ்ந்து தள்ளவுமில்லை, சோதித்தார். பார்த்தல், எழுதுதல், சோதித்தல் என்னும் இம்மூன்றினால்தான் ஒரு கிராமத்துக் கைத்தொழில் உலக மருத்துவமாயிற்று.

இதே தீவில் மற்றொரு பாடமும் உண்டு. 1799-இல் கோட்டை வீழ்ந்தபின் இங்குத் தங்கிய ஆங்கிலேயப் படையை, பீரங்கியை விடக் கொடிதாக வாட்டியது காய்ச்சல். 1809-இல் படை பெங்களூருக்கு மாற்றப்பட்டமைக்கு மலேரியா ஒரு முக்கிய காரணம். அந்நோய்க்கு அக்காலத்தில் உலகம் அறிந்த நல்ல மருந்து சிங்கோனாப் பட்டை. அதுவும் தென் அமெரிக்க மலைகளிலிருந்து வந்த நாட்டு மருந்தே. 1820-இல் பிரெஞ்சு அறிஞர் இருவர் அப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தனர். அதன்பிறகே இன்ன அளவு கொடுத்தால் இன்ன பயன் என்று மருத்துவர் துணிந்து சொல்ல முடிந்தது. 1860-களில் நீலகிரியில் சிங்கோனாத் தோட்டங்கள் எழுந்தன.

குயினைன் பிரித்தெடுக்கப்பட்டு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் சீன நாட்டில் தூ யூயூ என்னும் அம்மையார், நான்காம் நூற்றாண்டு மருத்துவச் சுவடியொன்றில் காய்ச்சலுக்குச் சொல்லப்பட்ட ஒரு பூண்டை ஆராய்ந்தார். அதைக் காய்ச்சாமல் நீரில் ஊறவைத்துப் பிழியுமாறு சுவடி கூறியிருந்தது. வெப்பம் மருந்தின் ஆற்றலைக் கெடுக்கக்கூடும் என்று அவர் ஊகித்து, குறைந்த வெப்பத்தில் சத்தைப் பிரித்தார். ஆர்ட்டிமிசினின் கிடைத்தது, 2015-இல் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. இன்று மலேரியாவுக்குக் கொடுக்கும் கூட்டு மருந்துகளில் அதன் வகைகளே முதலிடம் பெறுகின்றன.

நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரும் அவ்வாறே. டெல்லியில் ஹக்கீம் அஜ்மல் கான் நிறுவிய திப்பியாக் கல்லூரியில் வேதியியல் அறிஞர் சலீமுஸ்ஸமான் சித்தீகி 1931-இல் அவ்வேரின் சத்துகளைப் பிரித்தார். ஒன்றுக்கு ஹக்கீமின் பெயரையே இட்டார். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், இரத்த அழுத்தத்தை அவ்வேர் தணிப்பதை நோயாளிகளிடம் கண்டறிந்து 1949-இல் ஆங்கில இதழொன்றில் எழுதினார். உலகெங்கும் அது பரவியது. பிறகு, சிலருக்கு அம்மருந்து மனச்சோர்வை உண்டாக்குவதும் தெரிய வந்தது, வழக்கம் சுருங்கியது. சோதனை என்பது புகழ்மாலை மட்டும் சூட்டுவதன்று. குறையையும் காட்டும் என்பதற்கு இதுவே சான்று.

யோகத்தின் வரலாறு மைசூரோடு நெருங்கியது. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1933 முதல் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் யோகம் பயிற்றினார். அவரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்காரின் முறை மேனாடுகளில் பரவியது. 2011-இல் இங்கிலாந்தில், நெடுநாள் இடுப்புவலியுடையார் 313 பேரிடம் ஓர் ஆய்வு வெளியாயிற்று. வழக்கமான மருத்துவத்தோடு மூன்று மாத யோகப் பயிற்சியும் பெற்றவர், பயிற்சி பெறாதவரைக் காட்டிலும் குனிந்து நிமிர்ந்து வேலை செய்வதில் மேம்பட்டிருந்தனர். ஆனால் வலி அத்தனை வேறுபடவில்லை என்றும் அவ்வாய்வு நேர்மையாகச் சொல்லிற்று. இத்தகைய சான்று கையிலிருந்தால் குடும்ப மருத்துவர் நோயாளிக்குத் தயக்கமின்றி வழிகாட்டலாம்.

சான்று மாறினால் மருத்துவரின் நோக்கும் மாறவேண்டும். இங்கிலாந்தின் மருத்துவ நெறிமுறைக் கழகம் இடுப்புவலிக்கு ஊசிக்குத்துச் சிகிச்சையை 2009-இல் பரிந்துரைத்தது. 2016-இல் சான்றுகளை மீண்டும் நிறுத்துப் பார்த்து அப்பரிந்துரையை விலக்கிக்கொண்டது. 2017-இல் அந்நாட்டு அரசு மருத்துவத் துறை, ஹோமியோபதி மருந்துகளை எழுத வேண்டாமெனக் குடும்ப மருத்துவர்க்கு அறிவுறுத்தியது. விரும்பியோர் வருந்தினர். எனினும் முன்பு சொன்னதைத் திருத்திக்கொள்ள நாணாத மனமே அறிவியலின் மனம்.

இனி, சமையலறைக்கு வருவோம். 'இயற்கையானது, ஆகவே தீங்கற்றது' என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அதிமதுரம் தொண்டைக்கு இதமானது, உண்மை. ஆனால் அதை மிகுதியாக நெடுநாள் உட்கொண்டால் இரத்த அழுத்தம் ஏறும். உடலிலுள்ள பொட்டாசியம் என்னும் உப்புக் குறையும். இரத்த அழுத்த மாத்திரை உண்பவர் இதை அறியாதிருப்பது நன்றன்று. பாகற்காய்ச் சாற்றுக்குச் சர்க்கரையைச் சிறிது தாழ்த்தும் இயல்பு உண்டு. அதே வேலையைச் செய்யும் மாத்திரையோடு அது சேரும்போது எல்லை கடக்கலாம். பெயரில்லாச் சூரணம் இன்னும் ஐயத்துக்குரியது. மூலிகை என்று விற்கப்பட்ட பொடிகளில் சர்க்கரை நோய்க்கான ஆங்கில மருந்தே இரகசியமாகக் கலந்திருந்தது பிற நாடுகளில் வெளிப்பட்டதுண்டு. 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது, 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ காணப்பட்டது.

இவற்றைச் சொல்வது நாட்டு மருத்துவத்தை இகழ்வதற்கன்று. முறையாகப் பயின்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரே போலிச் சூரணத்தை முதலில் கண்டிப்பவர். நோயாளியும் இரு மருத்துவரும் ஒருவரிடமொருவர் மறைக்காமல் இருந்தால் இவ்விடர்களுள் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம் என்பதே நாம் வற்புறுத்துவது.

ஆதலின் மருத்துவப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். பிற சிகிச்சைகளைத் தாங்கள் நம்ப வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. தங்கள் கல்வியும் மனச்சாட்சியும் அதை முடிவு செய்யட்டும். கேட்க மட்டும் மறவாதீர்கள். 'வேறு ஏதேனும் சாப்பிடுகிறீர்களா?' என்ற கேள்வியைக் குற்றவாளியை விசாரிப்பது போலன்றி, உறவினரை நலம் விசாரிப்பது போல் கேளுங்கள். விடை கிடைத்தால் கடிந்துகொள்ளாதீர்கள். அந்த ஒரு கடுஞ்சொல், இனி வரும் பல ஆண்டுகளின் உண்மைகளுக்குத் தாழிட்டுவிடும்.

நேயர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மருத்துவமனைக்குச் செல்லும்போது வீட்டிலுள்ள மாத்திரை, சூரணம், லேகியம், தைலம் அனைத்தையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லுங்கள். சித்த வைத்தியரிடம் செல்லும்போது ஆங்கில மருத்துவரின் சீட்டையும், ஆங்கில மருத்துவரிடம் செல்லும்போது வைத்தியரின் சீட்டையும் காட்டுங்கள். பெயர்ச்சீட்டும் செய்த இடமும் குறிக்காத பொடியை எவர் புகழ்ந்தாலும் வாங்காதீர்கள். வீட்டிலுள்ள பெரியோர் என்ன உட்கொள்கின்றனர் என்பதைப் பிள்ளைகள் அன்போடு கேட்டறியுங்கள். நாம் கேட்கத் தவறினோம். மருத்துவரைக் குறை கூறுமுன் அந்தக் குறையை நம்மீதே ஏற்றுக்கொள்கிறோம்.

அன்று மருத்துவ அம்மையார் நம் அன்னையாரிடம் சூரணத்தை விட்டுவிடச் சொன்னார். பாகற்காயை விடச் சொல்லவில்லை. "சாறாக வேண்டாம், அஜ்ஜி, கறியாகச் சமைத்து எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடுங்கள். அடுத்த முறை வரும்போது என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்" என்றார். இப்போது மாதந்தோறும் அங்குச் செல்லும் நாளில், அன்னையார் முதல்நாள் இரவே ஒரு மஞ்சள் பையைக் கதவருகே வைத்துவிடுகிறார். அதில் மாத்திரைகள் இருக்கின்றன. மூட்டுவலிக்குப் பூசும் தைலப் புட்டியும் இருக்கிறது. சுக்குப் பொடியைக்கூட அவர் விடுவதில்லை. "டாக்டரம்மா கேட்பாள், சொல்ல வேண்டும்" என்கிறார்.